டியூ டேட் டீச்சரும் திரும்பி வராத புத்தகங்களும்

எல்லையில் பீரங்கிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றவர்கள், புனேயில் ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சருக்குப் பயந்து சொந்த வீட்டுக் குளியலறையில் ஒளிந்துகொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் இருவர் அல்ல. இந்த ஊரில் குடியேறிய பாதி ராணுவ அதிகாரிகளைப் பின்வாங்க வைத்த ஒரே ஆள் எங்கள் டியூ டேட் டீச்சர்தான். இரவல் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டிய தேதியில் அவ்வளவு கறார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதலில் எங்கள் குழுவின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். ராணுவ அகாடமி ஒன்றின் நூலகத்துக்கும், அங்கே சேர்ந்து கிடக்கும் பழைய பதக்கங்கள், வரைபடங்கள், போட்டோக்களுக்கும் உதவி செய்யத் தொண்டர்கள் நடத்தும் அமைப்பு. பேப்பரில் படித்தால் உன்னதமான காரியம். நேரில் வந்து பார்த்தால், ஞாயிறு காலையில் பத்துப் பேர் கூடி சமோசா தின்பார்கள். ஒருவர் பழைய வாளைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வாளைத் துடைக்க மட்டும் ஆள் இருக்காது. தலைவர் ஓய்வுபெற்ற ஜெனரல். மீசைக்குக் கொடுத்த கவனத்தில் கால்வாசியைப் புத்தகங்களுக்குக் கொடுத்திருந்தால் கரையான் அந்தப் பக்கமே வந்திருக்காது.

நான் மட்டும் யோக்கியமா? கோயம்புத்தூரிலிருந்து வந்து ஐடி கம்பெனியில் உட்கார்ந்திருப்பவன். சமூக சேவை செய்தே ஆக வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள். மரம் நடுவதைவிட இதில் வெயில் குறைவு என்று சேர்ந்தேன்.

டீச்சர் வேறு ரகம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடமும் நடத்தி, நூலகத்தையும் பார்த்துக்கொண்டு, ஓய்வுபெற்று, போபோடி என்ற பேட்டையில் ஒரு சந்துக்குள் தனியாகக் குடியிருக்கிறார். பேசினால் சந்து முழுக்கக் கேட்கும். வெளியில் இந்தி பேசுவார். கோபம் வந்துவிட்டால் சுத்த நெல்லைத் தமிழ்தான். எதிரில் நிற்பவருக்குப் புரிகிறதா என்பதெல்லாம் அவர் கவலை இல்லை.

இப்படிப்பட்டவர் கையில் எங்கள் குழு ஒரு பழைய இரவல் பதிவேட்டைக் கொடுத்தது. அந்தக் காலத்தில் பயிற்சிக்கு வந்த பையன்கள் எடுத்த புத்தகங்களின் பட்டியல். கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்க ஒரு வரி விவரம் எழுதினால் போதும். வேறு யாராக இருந்தாலும் அட்டையைப் பார்த்து எழுதியிருப்பார்கள். டீச்சர் உள்ளே படித்துவிட்டார்.

"என்னவே இது! இதுல பாதிப் புஸ்தகம் திரும்பி வரவே இல்லயே!"

"டீச்சர், அதெல்லாம் பழைய கதைங்க" என்றேன்.

"புஸ்தகத்துக்குப் பழசு என்ன, புதுசு என்ன? எடுத்தா திருப்பிக் குடுக்கணும். உம்மகிட்ட கார் இருக்குல்லா? எடும் வண்டிய."

பெட்டி படுக்கையோடு நூலகப் புத்தகத்தையும் கட்டிக்கொண்டு போன அந்தப் பையன்கள், நாடெல்லாம் சுற்றி, பதவி உயர்ந்து, ஓய்வுபெற்று, மறுபடி புனேயிலேயே வந்து வீடு கட்டியிருந்தார்கள். அதுதான் அவர்கள் செய்த தப்பு.

முதலில் அகப்பட்டவர் ஒரு கர்னல். பூங்காவில் காலை நேரத்தில் கூட்டமாகக் கூடி, கையைத் தூக்கி 'ஹஹஹா' என்று உடம்புக்காகச் சிரிப்பார்களே, அந்தக் கும்பலின் நடுவில் இருந்தார். டீச்சர் நேரே வட்டத்துக்குள் போய் நின்றார்.

"சிரிச்சது போதும். குதிரை வளர்ப்புப் புஸ்தகம் எங்க?"

தூக்கிய கை தூக்கியபடி நிற்க, சிரிப்பு மட்டும் நின்றது. நான் கூச்சத்தோடு விஷயத்தை இந்தியில் சொன்னேன். கர்னல் சமாளிக்கப் பார்த்தார். "மேடம், அந்தக் குதிரையே செத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆச்சு!"

"குதிரை செத்தா புஸ்தகமும் கூடவா செத்துச்சு?"

மறுநாள் புத்தகம் வந்தது.

அடுத்தவர் ஊருக்கு வெளியே தளேகாவில் ஒரு பிரிகேடியர். எங்கள் வண்டியைப் பார்த்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவர்களில் முதல் ஆள் இவர்தான். அவர் மனைவி பாவம், ஒளிக்கத் தெரியாதவர். புத்தகம் வாஷிங் மெஷினின் ஆடுகிற காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. டீச்சர் தோட்டத்தில் ஒரு செங்கல் எடுத்துவந்து, என்னை மெஷினைத் தூக்கச் சொல்லி, புத்தகத்தை உருவி, செங்கல்லைச் செருகினார். பையிலிருந்து தேதி முத்திரையை எடுத்து, பின்னட்டைத் தாளில் 'டப்' என்று குத்தினார். பிறகு குளியலறைக் கதவைத் தட்டி, "புஸ்தகம் வந்துட்டு, நீரு வெளிய வரலாம்" என்றார். மெஷின் முன்னைவிட நன்றாக ஓடியது. எனக்குத்தான் ஒரு வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இப்படியே போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். குழுவின் ஆண்டு விழா வந்தது. வெள்ளை மேஜைவிரிப்பு, பூங்கொத்து, ஊர்ப்பட்ட பிரமுகர்கள். தலைவர் மைக்கைப் பிடித்து, "புத்தகம்தான் போர்வீரனின் முதல் ஆயுதம்" என்று முழங்கினார். கைதட்டல் அடங்கியதும் டீச்சர் எழுந்தார். அன்றைக்கு எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று நல்ல இந்தியில் கேட்டார்.

"அந்த ஆயுதத்தை எப்போது திருப்பித் தருவீர்கள், ஜெனரல் சாப்? பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன."

மீசைக்காரர் தண்ணீர் குடித்தார்.

அடுத்த ஞாயிறு அவசரக் கூட்டம். டீச்சருக்குச் சொல்லவே இல்லை. அவருடைய பணி நிறைவுபெற்றது, நன்றியோடு விடைகொடுக்கிறோம் என்று தீர்மானம். பதிவேட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட முடிவானது. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையும்தான். ஆபீஸில் காட்ட வேண்டிய சான்றிதழ் தலைவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. என்னைவிடக் கேவலமான பிராணியை அந்த அறையில் கரையான்களுக்குள்தான் தேட வேண்டும்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் போன் செய்தார்.

"நீரும் கையத் தூக்கினீராமே?"

"...ஆமாங்க டீச்சர்."

"சரி. அந்தக் கையாலதான் இன்னைக்கு ஸ்டியரிங்கப் புடிக்கணும். அந்த மீசையத் தவிர இன்னும் ஒரு பேரு பாக்கி இருக்கு. வாரும்."

கேம்ப்பில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. கதவைத் திறந்தது ஒரு மராத்திக்கார அம்மாள். புத்தகம் எடுத்தவர் அவருடைய கணவர். ஓய்வுபெறும் வயதுக்கு முன்பே, வேலையிலேயே இறந்துபோனவர். அம்மாள் எதுவும் மறுக்கவில்லை. "அவரே திருப்பிக் கொடுக்கணும்னுதான் சொல்லிட்டிருந்தார்" என்று இந்தியில் சொல்லி, உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். வரைபடம் படிக்கும் முறை பற்றிய பாடப்புத்தகம். நீட்டினார். ஆனால் விரல்கள் விடவில்லை.

டீச்சர் மெல்ல வாங்கி, முத்திரை குத்தக் கடைசிப் பக்கங்களைத் திறந்தார். வெற்றுத்தாள் முழுக்கப் பென்சிலில் வீட்டுப் படங்கள். மாற்றலாகிப் போன ஒவ்வொரு ஊரிலும் கணவர் ஒன்று வரைந்து, கீழே ஊர்ப் பெயரும் எழுதியிருந்தார். ஓய்வுபெற்றதும் தனக்குக் கட்டித்தருவதாகச் சொன்ன வீடு என்றார் அம்மாள். கடைசிப் படத்தில் மாடிப்படி பாதியில் நின்றிருந்தது.

டீச்சர் அந்தப் படிமேல் விரலை ஓட்டினார். மூக்கை உறிஞ்சினார். பிறகு முத்திரையை எடுத்து, தேதியைத் திருப்பி, குத்தி, புத்தகத்தை அந்த அம்மாள் கையிலேயே வைத்தார்.

"பதினைந்து நாள் நீட்டித்திருக்கிறேன். மறுபடி வருவேன். தாமதம் கூடாது" என்றார் கண்டிப்பாக.

படியிறங்கும்போது கேட்டேன். "டீச்சர், உங்களத்தான் வெளிய அனுப்பிட்டாங்களே. நீட்டிக்கறதுக்கு உங்களுக்கு ஏதுங்க அதிகாரம்?"

"அது அந்தம்மாவுக்குத் தெரியாதுல்லா? வாய மூடிக்கிட்டு இறங்கும்."

அன்றிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை போகிறோம். முத்திரை விழுகிறது. அவல் உப்புமா மாதிரி போஹாவும் டீயும் வருகின்றன. என் கார் ஓட்டும் லட்சணத்தை இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு மொழியில் திட்டுகிறார்கள்.

தலைவரின் இரண்டு புத்தகங்களும் இன்னும் வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டுப் போடும் வேலை என்னிடம் வந்தபோது, பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும் பக்கத்தை விரித்துவைத்துப் பூட்டினேன். பார்வையாளர்கள் நின்று படிக்கிறார்கள். குழுவில் யாரும் இதுவரை கவனிக்கவில்லை. கண்காட்சியைப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குக் கிடையாது.

போன மாதம் ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரம் என்றால் கூப்பிட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தது. டீச்சரின் போன் நம்பரை எழுதினேன். உறவுமுறை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'அத்தை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.