இலவச மூன்று மீட்டருக்காக நடந்த பெரும்போர்

வாழ்க, அளவுநாடாவே வாளாக, ரசீதுப் புத்தகமே கேடயமாக, பொதி அனுப்பும் அலுவலகத்தின் மூன்றாம் சாளரத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வீற்றிருந்து, வந்தோர் கொணர்ந்த அட்டைப்பெட்டிகளை நீளம் அகலம் உயரமென அளந்து, கால் கிலோ கூடினாலும் கூடுதல் கட்டணத்தைக் கண்ணிமைக்காது கறந்த கடமைவீரர் வாழ்க! தூரத்தில் தலை தெரிந்தாலே கடைக்காரர்கள் கதவை ஒருக்களித்துச் சாத்தும் பேரம்பேசு பெருந்தகை, எதை வாங்கினாலும் மேற்கொண்டு ஒன்று கேட்டுப் பெறாமல் படியிறங்காதவர், அதனாலேயே சக ஊழியர்களால் ‘கொசுறு’ என்று முதுகுக்குப் பின்னும் ‘கொசுறு சார்’ என்று முகத்துக்கு நேரேயும் அழைக்கப்பெற்ற கோமான் வாழ்க! நாவில் குடியிருக்கும் நல்வாக்கே, இவர் தம் இல்லத்தில் ஏசி மாட்டிய வரலாற்றைப் பாட எனக்குச் சொல் கொடு. சொல்லுக்குத் தனிக் கட்டணம் கேளாதே.

போர் நிகழ்ந்த களமாவது: மொட்டைமாடிக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில், மேற்குப் பார்த்த ஒரு தையலறை. பகலெல்லாம் காய்ந்த கூரை மாலையில் அடுப்பாக இறங்க, அதன் கீழ் அமர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்து வந்தாள் நம் தலைவரின் இல்லக்கிழத்தி. போன கோடையில் ஒருநாள் தையல் இயந்திரத்தின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். அதற்கு முந்தைய இரு கோடைகளிலும், அந்தக் கோடையிலும், நம் தலைவர் விலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு அவள்மேல் அன்பில்லை என்று யாரும் எண்ணவேண்டாம். அன்பு நிறையவே இருந்தது. அதை முழு விலைக்கு வாங்கத்தான் மனம் வரவில்லை.

ஆயினும் நான்காம் கோடை பிறந்ததும் வீரம் விழித்தது. சிறிய இயந்திரமே சாலுமென்று சங்கநாதம் முழக்கியபடி கடை புகுந்த அவரை, விற்பனையாளர் ஒரே கேள்வியில் வீழ்த்தினார். “ரூம் எங்க இருக்கு சார்? மொட்டமாடிக்குக் கீழயா? வெயில் வேற மேக்கால அடிக்குதா? ஒரு டன் பத்தாது. ஒன்றரை டன் எடுங்க, இல்லன்னா கரண்டுதான் வீணாப் போகும், குளிர் வராது.” வாதிட்டார், வாடினார், ஒன்றரைக்கே பணம் கட்டினார். பட்ட புண்ணுக்கு மருந்தாக வெளிப்பெட்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கியைக் கொசுறாகக் கறந்துகொண்டுதான் வெளியேறினார்.

அன்று மாலை கூடத்தின் நடுவே நின்று அவர் உரைத்த சூளுரையால் குழல்விளக்கு இருமுறை கண்சிமிட்டியது என்பர். “கேட்டுக்கோ. பில்லுல போட்டதோட சரி. மாட்டறதுக்குன்னு தனியா ஒரு காசு என் பையிலிருந்து வராது. வந்தா என் பேரை மாத்திக்கிறேன்!”

“எது, ஆபீஸ்ல கூப்பிடறாங்களே, அந்தப் பேரா?” என்று மட்டும் கேட்டாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

ஞாயிறு காலை, தோளில் துளைக்கருவியும் இடையில் திருப்புளிகளும் தாங்கி மெக்கானிக் வந்து சேர்ந்தார். பகைவர் பலர் ஏற்கெனவே மாண்டிருந்தனர். தாங்கி கொசுறு. சுவரில் போடும் முதல் ஓட்டை இலவசம். இஸ்திரிப்பெட்டிக்காக அந்த அறைக்குத் தடித்த மின்கம்பி முன்பே இழுத்திருந்ததால் அந்தச் செலவும் செத்தது. எஞ்சி நின்றவன் ஒருவனே: அறைக்குள் மாட்டும் பெட்டியையும் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் பெட்டியையும் இணைக்கும் செப்புக்குழாய். மூன்று மீட்டர் வரை இலவசம். அதற்கு மேல் மீட்டருக்கு அறுநூறு.

மெக்கானிக் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். “உள் சுவத்துல, பீரோவுக்கு மேல மாட்டுனா காத்து ரூம் பூரா சுத்தும் சார். அவுட்டோர் பொட்டி ஜன்னல் பக்கம்தான் வரும். பைப்பு நாலரை மீட்டர் ஆகும்.”

நாலரை! ஒன்றரை மீட்டர் உபரி! தொள்ளாயிரம்! கால் கிலோ உபரிக்குக் கட்டணம் வாங்குகையில் கல்லாயிருந்த நெஞ்சம், தன்மேல் உபரி விழுந்ததும் கண்ணாடித் தம்ளராய் விரிசல் விட்டது. எழுந்தார் தலைவர்! உருவினார் நாடாவை! நாற்காலிமேல் ஏறி, நாற்காலி ஆடியதும் இறங்கி, ஸ்டூல்மேல் ஏறி, கிழக்கும் மேற்கும் வடக்கும் தெற்கும் அளந்து, வியர்வை புருவம் வழி ஒழுக, இறுதியில் ஜன்னலுக்கு மேலேயே உள்பெட்டியை மாட்டினால் குழாய் இரண்டே முக்கால் மீட்டரில் அடங்குமெனும் பேருண்மையைக் கண்டடைந்தார். இலவசத்திலும் கால் மீட்டர் மிச்சம்!

“அங்க வேணாங்க,” என்றாள் மனைவி. “நேர் கீழ வெட்டுற மேசை இருக்கு. அளவுக் காகிதமெல்லாம் பறந்துடும். புதன்கிழமை முப்பத்திரண்டு செட் குடுக்கணும்.”

“மேசையை நகத்த முடியாதாக்கா?” என்றார் மெக்கானிக்.

“வெளிச்சம் அங்கதான் இருக்கு.”

தலைவர் ஸ்டூல் உச்சியிலிருந்து கையுயர்த்தி இரு தரப்பையும் அடக்கினார். “ஒரு நாளைக்கு நூறு பொட்டி அளக்கிறவன் நான். எனக்கு அளவு சொல்றீங்களா? போடுங்க ஓட்டையை!”

போட்டார்கள். துளைக்கருவி பிளிறியது, செங்கல் தூள் செம்புழுதியாய்க் கிளம்பித் தலைவரின் தலைமுடியை ஒரு நாழிகைக்குள் பத்தாண்டு மூப்பாக்கியது. பெட்டி ஏறியது, குழாய் வளைந்தது, மிச்சக் கால் மீட்டரைத் தாமே சுருட்டி அலமாரியில் வைத்தார். சூள் காத்த சூரராய்த் தம் திருக்கரத்தாலேயே ரிமோட்டை அழுத்தினார்.

ஊவென்று ஊதியது குளிர். மேசைமேல் முப்பத்திரண்டு பிள்ளைகளின் முன்பக்கமும் முதுகும் கைகளும் காலர்களும் மெல்லிய காகிதங்களாக, பெயரெழுதி அடுக்கியிருந்தன. அவை அனைத்தும் ஒருசேர எழுந்தன. ஒன்றாம் வகுப்பின் இடக்கை ஐந்தாம் வகுப்பின் வலக்கையோடு கைகோத்துக்கொண்டு பறந்தது. காலர்கள் கூட்டம் கூட்டமாய் மின்விசிறியை வலம் வந்தன. ஒரு முதுகு திறந்த கதவு வழியே வெளியேறி, நடையைக் கடந்து, படிக்கட்டில் இறங்கியது. தலைவர் பின்தொடர்ந்தார். மூன்று மாடி இறங்கி, தெருவில் நிறுத்தியிருந்த லாரியின் கீழ் குனிந்து, முழங்காலில் மசி பூசி அந்த முதுகை மீட்டு, மூச்சிரைக்க மேலேறி வந்தார்.

வந்து பார்த்தால், பெட்டி நின்றிருந்தது. மனைவி அணைத்திருந்தாள். தரையில் மண்டியிட்டு, யார் கை யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தும் முதுகும் நனைந்து உடை ஒட்டியிருந்தது.

“மூணு வருஷம் பொறுத்துட்டேன்,” என்றாள், நிமிராமலே. கோபம்கூட இல்லை அவள் குரலில். “இன்னும் ரெண்டு மாசம்தானே வெயில். புழுக்கத்துலயே தச்சுக்கிறேன். விடுங்க.”

அந்த ‘விடுங்க’ என்ற ஒரு சொல், கடையிலும் சந்தையிலும் ஒருகாலும் தோற்காத அந்த மார்பில் போய்த் தைத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. தொள்ளாயிரத்துக்காக அவள் சொன்னதைக் கேளாமல் விட்டோமே என்று நெஞ்சு வலித்தது. கையிலிருந்த காகித முதுகை நீவி நேராக்கி அவளிடம் கொடுத்தார். பிறகு திரும்பி, புழுதி படிந்த திருமுடியை நிமிர்த்தி, அந்த இல்லம் அதுவரை கேட்டறியாத பிரகடனத்தை வெளியிட்டார்.

“கழட்டுங்க. பீரோவுக்கு மேலயே மாட்டுங்க. என்ன ஆகுதோ ஆகட்டும்!”

மெக்கானிக் துளைக்கருவியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார், மறுபடி எடுத்தார். “கழட்டி மாட்ட ஆயிரத்து ஐநூறு சார். கேஸ் இறக்கி ஏத்தணும், தொள்ளாயிரம். புது ஓட்டை அறுநூறு, பழைய ஓட்டை அடைக்க முந்நூறு. அப்புறம் அந்த ஒன்றரை மீட்டர் பைப்பு, அதே தொள்ளாயிரம்.”

ஆகமொத்தம் நாலாயிரத்து இருநூறு. குறைக்கச் சொல்லி வாய் தானாகத் திறந்தது. மனைவி நிமிர்ந்து பார்த்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது. மீண்டும் பிளிறியது கருவி, மீண்டும் பொழிந்தது புழுதி, பீரோவுக்கு மேலேறிய பெட்டி அறை முழுதும் குளிரைப் பரப்ப, மேசைமேல் ஒரு காலரும் அசையவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இயந்திரத்தின் முன் அமர்ந்தாள். வென்றாரோ தோற்றாரோ, வியர்வை உலர்ந்த அந்த நெற்றியைக் கண்டு உள்ளம் பூரித்த நம் பெருந்தகை, கூலி கொடுத்து மெக்கானிக்கை வழியனுப்பக் கம்பீரமாய்த் தம் பையைத் திறந்தார். ஒரு காசும் தருவதில்லை என்ற சூளுரையைக் காக்கும்பொருட்டு அன்று காலை அவரே அதைக் காலிசெய்து வைத்திருந்தார்.

நாலாயிரத்து இருநூறையும் அவர் மனைவிதான் கொடுத்தாள்.