காலமான தந்தையும் நாலு மின்னஞ்சலும்

தை அமாவாசையன்று ராமேஸ்வரத்தில் நிற்க இடமில்லாத கூட்டம். ஆனாலும் முதலாளி ராமசுப்பிரமணியன் தம் லாட்ஜில் ஒரு ஏசி அறையைப் பூட்டியே வைக்கச் சொல்லிவிட்டார். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், காலமான தன் தந்தையைப் பற்றி உருக்கமாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ராமேஸ்வரம் லாட்ஜுக்குக் காலமான தந்தையைப் பற்றி ஒருவர் எழுதினால் அதற்கு வேறென்ன அர்த்தம்? மேனேஜர் தவசியும் வாடகை, எள், பிண்டம், ஐயர் எல்லாவற்றையும் விவரமாக எழுதிப் பதில் போட்டு, ரயிலடிக்கு ஆளும் அனுப்பினார்.

வெளிநாட்டுக்காரர் வரவில்லை. தந்தை விட்டுப்போன கோடிகளைப் போட்டுவைக்கத் தவசியின் வங்கிக் கணக்கு எண் வேண்டுமென்று இன்னொரு மடல்தான் வந்தது.

நயினார்கோவிலில் மிளகாய்க் காட்டில் நின்றபடி முதலாளி போன் செய்தார்.

"ஏலே தவசி, மோசடிக்காரப் பயலுக்கு ஏசி ரூம் போட்டு வச்சிருக்கோம்லே. இனிமே அந்த மாதிரி மடல் ஒண்ணு உள்ள வரக்கூடாது. ஆடி அமாவாசைக்குப் பன்னெண்டு ரூமும் நெறையணும். இல்லன்னா சாவிக்கொத்தை வச்சுட்டு ஊரப் பாத்துப் போயிரு."

பூட்டச் சொன்னது யார் என்று கேட்கத் தவசிக்கு நாக்கு துறுதுறுத்தது. இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது ஞாபகம் வந்து, "சரிங்க முதலாளி" என்றார்.

லாட்ஜுக்கு நாலு மின்னஞ்சல் முகவரி. லாட்ஜ் பெயரில் ஒன்று, முதலாளிக்கு ஒன்று, முதலாளியம்மா நாகலெட்சுமிக்கு ஒன்று, தவசிக்கு ஒன்று. நாலையும் கார்டில் அச்சடித்திருந்ததால் யாத்ரீகர்கள் ஒன்றையும் விடாமல் நாலுக்கும் எழுதுவார்கள். மோசடிக்காரர்களும் அப்படித்தான்.

பிரவுசிங் சென்டர் அலியார் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "ஒண்ணுல மடல வடிகட்டுற பில்டர் போட்டு மத்த மூணுக்கும் காப்பி பண்ணிரலாம்ணே. நாலு வாசலுக்கும் ஒரே வாட்ச்மேன். எந்த வார்த்தை வந்தா வெரட்டணும், அத மட்டும் சொல்லுங்க."

தவசி அந்த வெளிநாட்டு மடலை மறுபடி வாசித்து, பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். காலமான தந்தை. அவசரம். கடைசி ஆசை.

ஒரு வாரம் நிம்மதி. மறு வாரமும் நிம்மதி. மூன்றாம் வாரம் தவசி முன்பதிவு நோட்டைப் புரட்டினார். முன்பதிவு ஒன்றுகூட இல்லை.

"வாட்ச்மேன் ரொம்பக் கறாரா இருக்கான்," என்றான் அலியார். "ஏற்கெனவே தங்கிட்டுப் போனவுகள உள்ள விடச் சொல்லுவோம்."

விடச் சொன்னார்கள். ஆனால் அப்பாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டுப் போனவர்கள் அடுத்து அம்மாவுக்குத்தான் வர வேண்டும். அம்மாக்கள் நல்ல ஆரோக்கியமாக இருந்தார்கள்.

அதற்குள் அந்த வெளிநாட்டுக்காரர் காலமான மாமாவோடு முதலாளியம்மாவின் பெட்டிக்கு வந்து சேர்ந்தார். முதலாளிக்கு வந்ததே கோபம். "சும்மா தள்ளிவிட்டா பயலுகளுக்கு ஒறைக்காதுலே. தன்னால ஒரு பதில் போகணும். நறுக்குன்னு நாலு வார்த்தை, என் பேர்ல, ஒன் பேர்ல, எல்லார் பேர்லயும்."

மாமாவையும் பட்டியலில் சேர்த்துவிட்டுத் தவசி ராத்திரி சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்து எழுதினார்: "உங்கள் தந்தை சாகவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அவர் நல்ல சுகமாக இருக்கிறார். இதோடு நாடகத்தை நிறுத்திக்கொள்ளவும்." விரட்டப்படும் ஒவ்வொரு மடலுக்கும் நாலு கணக்கிலிருந்தும் இந்தப் பதில் தானாகப் போகும்படி அலியார் செய்து கொடுத்தான்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் காலை அலியார் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்தான். திரையைத் தவசி பக்கம் திருப்பினான். இருநூற்றுப் பதினோரு மடல். மோசடி ஆறு. மீதி இருநூற்றைந்தும் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகள் ரூம் கேட்டு எழுதியவை. அத்தனை பேருக்கும் பதில் போயிருந்தது, ஆளுக்கு நாலு.

தவசி லாட்ஜுக்கு வந்தபோது முதலாளி வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பன்னிரண்டு அறைச் சாவியும் எடுக்க ஆளில்லாமல் வரிசையாகத் தொங்கின.

"கொத்தை வச்சிரு," என்றார்.

தவசி இடுப்பிலிருந்து மாற்றுச் சாவிக்கொத்தை எடுத்தார். மேசையில் வைத்தார். பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கிய தடித்த ஆள் கையில் நாலு தாள்.

"அருப்புக்கோட்டையில இருந்து வாரோம். இதுல தவசிங்கிறது யாரு?"

அடி விழப்போகிறது என்று தவசிக்குத் தெரிந்துவிட்டது. "நான்தான்," என்றார்.

அந்த ஆள் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தார்.

"எங்க அய்யா வீட்டை விட்டுப் போயிப் பன்னெண்டு வருசம் ஆச்சுய்யா. இனி வரமாட்டாருன்னு எள்ளும் தண்ணியும் விட்டுரலாம்னு ஒங்களுக்கு எழுதினோம். ஒருத்தர் சொன்னா நம்பியிருக்க மாட்டோம். நாலு பேரு தனித்தனியா, ஒரே மாதிரி எழுதியிருந்தீக. தேடிக் கெளம்பிட்டோம். திருச்செந்தூர்ல ஒரு சத்திரத்துல சமையலுக்கு நின்னாருய்யா. சொந்தபந்தம் அம்புட்டுப் பேரும் சாமி கும்பிட வந்திருக்கோம். எத்தன ரூம் இருக்கோ அத்தனையும் வேணும்."

முதலாளி எழுந்து சாவிக்கொத்தைத் தவசியின் கையிலேயே திணித்தார். "எங்க தவசி எதையும் விசாரிக்காம எழுத மாட்டான்," என்றார்.

எல்லாரும் பெட்டி படுக்கையோடு மாடிக்குப் போன பிறகு, கடைசியாக ஒரு கிழவர் வேனிலிருந்து மெதுவாக இறங்கினார். மாடிப்படியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, தவசியின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் உசிரோட, சுகமா இருக்கேன்னு ஒனக்கு எந்தப் பய சொன்னான்?"