செவ்வாய்க்கிழமையும் கில்ட் கட்டுகிறவர்

ஸ்காட்லாந்தில் கில்ட் என்கிற முழங்கால்வரைக் கம்பளி உடுப்பைக் கட்டும் ஆண்கள் இரண்டு ஜாதி. கல்யாணத்துக்குக் கட்டுகிறவர்கள் முதல் ஜாதி. வெள்ளிக்கிழமை கடையில் வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமை ஆடித் தீர்த்து, திங்கட்கிழமை விஸ்கிக் கறையோடு திருப்பிக் கொடுத்துவிட்டுக் கால்சட்டைக்குள் புகுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். அப்பாவிகள். அவர்களோடு நமக்கு வழக்கில்லை. இரண்டாவது ஜாதிக்காரர், செவ்வாய்க்கிழமை உருளைக்கிழங்கு வாங்கப் போகும்போதும் கில்ட் கட்டுகிறவர். ஊருக்கு ஒருவர் இருப்பார். இரண்டு பேர் இருந்தால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் ஊர் பிட்லாரிக்கு வாய்த்தவர் டூகல் பெட்ரி. வயது ஐம்பத்தெட்டு. ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடும் கம்பெனியில் அளவெடுக்கும் உத்தியோகம். மழையோ, பனியோ, ஆலங்கட்டியோ, எட்டு கெஜம் கம்பளித் துணியை இடுப்பில் சுற்றி, பின்பக்கத்து முப்பது மடிப்பும் கலையாமல், முன்பக்கம் ஸ்போரன் என்கிற தோல் பை ஊசலாட, வலது காலுறையில் ஒரு குட்டிக் கத்தியைச் செருகிக்கொண்டு, குளிரில் முழங்கால் இரண்டும் பீட்ரூட்டாகச் சிவந்திருக்க, அவர் கடைத்தெருவில் வருவார். நடந்து வருவார் என்று சொன்னால் அது பொய். பவனி வருவார்.

அதைப் பாவாடை என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் நீங்கள் ஏற வேண்டிய பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸும் போய்விடும். மலைநாட்டு வீரர்கள், அவர்கள் இழந்த போர்கள், அந்தத் துணிக்கு ஒரு காலத்தில் வந்த தடை, தன் நாடி நரம்பில் இன்னும் ஓடும் குலப்பெருமை என்று ஒவ்வொன்றாக இறக்குவார். முடிவில் கண்ணை மூடிக்கொண்டு, "இது துணி இல்லப்பா, ரத்தம்" என்பார். அந்த ரத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்ரி குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தக் கடற்கரையில் மீன் பீப்பாய் செய்த குடும்பம். மலைப்பக்கம் எவரும் எட்டிப் பார்த்ததில்லை. அத்தனை பேரும் கால்சட்டைக்காரர்கள். தகப்பனார் முப்பது வருஷம் பஸ் ஓட்டினார். அவர் முழங்காலைக் கண்டவர் அவர் மனைவி ஒருத்திதான். அதனால் என்ன? தபாலில் பணம் அனுப்பினால் குலச் சான்றிதழ் தபாலிலேயே வருகிறது. டூகல் வரவழைத்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

ரத்தம் எப்போது ஓடத் தொடங்கிற்று என்பதும் ஊருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒன்றுவிட்ட தம்பியின் கல்யாணத்துக்கு மற்றவர்களைப் போல இவரும் வாடகைக் கில்ட்தான் கட்டிப் போனார். அங்கே மூன்று பெண்கள், அதில் ஒருத்தி மணப்பெண்ணின் அத்தை, "உனக்குக் கால் இவ்ளோ அழகா இருக்கும்னு தெரியாமப் போச்சே டூகல்!" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றே மூன்று பேர். திங்கட்கிழமை மனுஷனால் கால்சட்டைக்குள் திரும்ப முடியவில்லை.

இந்த ஜாதிக்கு உயிர்மூச்சு ஒரு கேள்வி. உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள்? அதைக் கேட்டால் டூகல் பெருமூச்சு விடுவார். "இதத் தவிர வேற கேள்வியே இல்லையா இந்த ஊர்ல?" என்று வானத்தைப் பார்ப்பார். மெய்யாகவே நொந்துபோனார் என்று நினைத்துவிடாதீர்கள். எவரும் கேட்காத நாளில் அவரைப் பார்க்க வேண்டும். சூப்பில் உப்பில்லை, ரொட்டி வேகவில்லை, நாடே கெட்டுப்போயிற்று. அவர் மனைவி நெட்டா அந்த முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள்.

"இன்னிக்கு ஒருத்தரும் கேக்கலையா? சரி விடு, நானே கேக்கறேன். உள்ள என்ன போட்டிருக்க?"

"நீ கேட்டா கணக்கில்ல. துவைக்கிறவளே நீதானே."

துவைப்பது மட்டுமா? ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த முப்பது மடிப்பையும் ஒவ்வொன்றாக நூலால் ஓட்டித் தைத்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்த்து, பிறகு நூலைப் பிரித்தெடுப்பதும் நெட்டாதான். மரபைக் காப்பாற்றுகிறவர் அவர். இடுப்பு வலிக்கிறது என்கிறவள் இவள். கம்பெனியில் அவருக்கு ஏணியைப் பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. பிடித்தால் மேலே நிமிர்ந்து பார்க்கக் கூடாதே! ஆகவே மாடி ஜன்னல்களையெல்லாம் வேறொருவன் அளக்கிறான். ஜூலையில் கொசுக்கூட்டம் தொடைவரை விருந்து சாப்பிடும். சொறியமாட்டார், வீரர்கள் சொறிவதில்லை. தபால்காரர் ஆர்ச்சி லோகி பத்தொன்பது வருஷமாகத் தினம் காலையில் கடிதத்தை நீட்டியபடி, அவர் இடுப்புக்குக் கீழே கண்ணை ஓட்டி, "என்ன டூகல், இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்?" என்பார். டூகல் முறைப்பார். அதற்காகவே கடிதம் வராத நாளிலும் வாசலில் நிற்பார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மகள் இஷ்பெல்லுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஒரே மகள். மருந்துக்கடையில் வேலை. மாப்பிள்ளை ஃபின்லே நல்ல பையன், கால்சட்டைக்காரன். பிப்ரவரியில் ஒருநாள் சமையலறையில் உட்கார்ந்து இஷ்பெல் சேதி சொன்னாள்.

"அப்பா, ஜூன் ஏழு. ரெண்டு மணிக்குச் சர்ச்சுல."

"நல்ல நாளும்மா."

"ஆம்பளைங்க எல்லாரும் கில்ட்தான். மொத்தம் முப்பத்திநாலு பேர். கடையில சொல்லியாச்சு."

டூகலின் டீக் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. "எல்லாருமா?"

"எல்லாரும். ஃபின்லேயோட மாமாங்க, ஃபுட்பால் பசங்க, நம்ம ஆர்ச்சி மாமா வரைக்கும்."

"ஆர்ச்சியா? அவன் காலப் பாத்திருக்கியா நீ?"

"ஏம்ப்பா, நீ குதிப்பேன்னு நெனச்சேனே? நாட்டுல ஒவ்வொரு ஆம்பளையும் கட்டணும், கட்டாதவன் ஆம்பளையே இல்லன்னு நீதானே சொல்லிட்டிருந்த?"

சொன்னார்தான். இருபத்திரண்டு வருஷமாகச் சொன்னார். ஆனால் ஒரு கொள்கையைச் சொல்வது எதற்காக? மற்றவர்கள் அதைக் கேட்டு நடப்பதற்கா? அப்படி நடந்துவிட்டால் சொன்னவன் கதி என்ன? முப்பத்திநாலு கில்ட்டுக்கு நடுவில் தன் கில்ட் முப்பத்தைந்தாவது என்ற கணக்கு டூகலின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

அன்றிலிருந்து கட்டாதவர்களைக் கட்டச் சொன்ன வாய், கட்டப் போகிறவர்களைக் கட்டாதே என்று சொல்லத் தொடங்கிற்று. முதலில் ஆர்ச்சியைப் பிடித்தார்.

"உனக்குன்னு குலம் ஏதாவது இருக்கா ஆர்ச்சி? குலத்துக்கு ஒரு கட்டம் உண்டு. நீ எந்தக் கட்டம் போட்ட துணிய எடுத்த?"

"கடையில சாம்பல் கலர் இருந்துச்சு, ஊதா இருந்துச்சு. ஊதாதான்பா என் இடுப்புக்குப் பத்துச்சு. அதான் என் குலம்."

"இதெல்லாம் வெளையாட்டு இல்ல. ரத்தத்துல இருக்கணும்."

"சனிக்கிழமை ஒருநாள்தானேப்பா. ரத்தத்த திங்கக்கிழமை திருப்பிக் குடுத்துடறேன்."

நெட்டா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "உனக்கு என்னதான் கொறைச்சல் டூகல்? கில்ட் முப்பத்தஞ்சு பேரு கட்டுவாங்க. பொண்ணு கையப் புடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போறவன் நீ ஒருத்தன்தானே? அது போதாதா?" முப்பத்தஞ்சு என்ற சொல்லுக்கு மேல் டூகலின் காதில் எதுவும் விழவில்லை.

இஷ்பெல் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். அவள் தோழி வீட்டிலிருந்து காரில் வருவாள். அம்மா பூ வேலையைப் பார்க்க முன்னமே போய்விடுவாள். "நீ எதை வேணா போட்டுக்கப்பா. ரெண்டு மணிக்குச் சர்ச் வாசல்ல நின்னா போதும். நான் எறங்கின உடனே உன்னத்தான் பாக்கணும்."

ஜூன் ஏழாம் தேதி, நெட்டா கிளம்பும்வரை காத்திருந்து, டூகல் அலமாரியின் அடியிலிருந்து தகப்பனாரின் சாவுக்குத் தைத்த கறுப்புக் கால்சட்டையையும் கோட்டையும் எடுத்தார். திட்டம் புரிகிறதல்லவா? முப்பத்திநாலு கில்ட்டுக்கு நடுவே ஒரே ஒரு கால்சட்டை! ஊர் மூர்ச்சை போடாதா? அதை முழுசாக அனுபவிக்க வேண்டுமென்று காரை விட்டுவிட்டுக் கடைத்தெரு வழியாக நடந்தே போனார்.

ஊர் மூர்ச்சை போடவில்லை. ரொட்டிக்கடைக்காரி நிமிரவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்ற நாலு பேரும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள். சுற்றுலா வந்த ஒரு தம்பதி கேமராவை எடுத்தபோது டூகல் பழக்கதோஷத்தில் நின்று கொடுத்தார். "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் அவருக்குப் பின்னால் வந்த ஃபுட்பால் பையன்களின் கில்ட்டைப் படமெடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவரைப் பார்த்தும் பார்க்காமல் மனிதர்கள் போனார்கள்.

சர்ச் வாசலில் ஒருவன் பேக்பைப் வாத்தியம் ஊதிக் காதைப் பிளந்துகொண்டிருந்தான். ஊதாக் கில்ட்டில் நின்ற ஆர்ச்சி, வருகிறவர்களுக்குப் பாட்டுத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆர்ச்சியின் கண் வழக்கம்போல் இடுப்புக்குக் கீழே போயிற்று. அங்கே கறுப்புக் கால்சட்டை. அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

"மாப்பிள்ள பக்கமா, பொண்ணு பக்கமா?"

"டேய், பொண்ணோட அப்பன்டா நான்!"

பைப் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "பொண்ணோட அப்பனா? இன்னும் வரலங்க. வந்தா தெருக்கோடியிலயே தெரியும். நீங்க ஓரமா நில்லுங்க, கார் வருது."

டூகல் ஓரமாக நின்றார். அழுகை வரும்போலிருந்தது. கார் வந்தது. வெள்ளை உடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு இஷ்பெல் இறங்கி நிமிர்ந்து பார்த்தாள். எங்கும் கில்ட்.

"அப்பா எங்க?"

"இன்னும் காணோம்மா," என்று கத்தினார் ஆர்ச்சி. எல்லாத் தலைகளும் தெருப்பக்கம் திரும்பின. இஷ்பெல்லின் கண் வரிசையாக முழங்கால்களின் மேல் ஓடியது. ஆர்ச்சியின் கால், மாமாக்களின் கால், பையன்களின் கால். கறுப்புக் கோட்டின் மேலும் ஒரு கணம் பட்டது. பட்டு, நகர்ந்து போயிற்று. பெற்ற மகள்!

பைப் ஊதுகிறவன் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் டூகல் கூப்பிட்டார். "இஷ்பெல்."

குரல் வந்த திசையில் திரும்பி, அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா... உனக்குத் தலையெல்லாம் இப்படி நரச்சுப்போச்சா? எப்போ?"

"தெரியலம்மா. யாரும் சொல்லல."

"எதுக்குப்பா இப்படி வந்த?"

அந்தக் கேள்விக்கு அவர் நாலு நாளாக ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தார். வாயில் வந்தது வேறு. "என்னைய நீ பாக்கணும்னுதான்" என்றார். அவள் கையை அவர் கைக்குள் கோத்துக்கொண்டாள். இருவரும் உள்ளே போனார்கள். அத்தனை பேரும் மணப்பெண்ணைப் பார்த்தார்கள். அன்றைக்கு டூகலும் அவளைத்தான் பார்த்தார்.

மனுஷன் திருந்திவிட்டார் என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். விருந்தில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் வந்து, "எல்லாரும் கில்ட்ல இருக்கோம், நீங்க ஏங்க கால்சட்டை?" என்று கேட்டார். டூகல் தலை குனிந்தார். இரண்டாவது ஆள் கேட்டபோது தோளைக் குலுக்கினார். நாலாவது ஆள் கேட்டபோது பெருமூச்சு விட்டு விட்டத்தைப் பார்த்தார். ஆட்டம் தொடங்குவதற்குள் நடுக்கூடத்தில் நின்று, "இது கால்சட்டை இல்லப்பா, கண்டனம்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். நெட்டா முக்காலியை இழுத்துப் போட்டு, மூன்றாவது கேக் துண்டை எடுத்துக்கொண்டாள்.

போகட்டும், டூகலை விடுங்கள். நமக்கெதற்குக் கில்ட்? உங்களிடம் கில்ட் இல்லை என்பது எனக்கும் தெரியும். உங்களிடம் இருப்பது அந்த முறுக்கு மீசையாக இருக்கலாம்; தடதடவென்று தெருவை எழுப்பும் அந்த மோட்டார் சைக்கிளாக இருக்கலாம்; கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் பிடிவாதமாகக் கட்டிப் போகும் கதர் வேட்டியாக, தோளில் தொங்கும் துணிப்பையாக, கோடையிலும் கழற்றாத மஃப்ளராக இருக்கலாம். கொள்கைதான், யார் இல்லையென்றார்கள்? ஒரே ஒருநாள் அதை வீட்டில் வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் தெருமுனைக் கடைக்குப் போய் அரைக் கிலோ சர்க்கரை கேட்டுப் பாருங்கள். கடைக்காரர், "ஏரியாவுக்குப் புதுசா சார்?" என்று கேட்டால் அவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரையை வாங்கிக்கொண்டு திரும்புங்கள். வீட்டுக் கதவைத் திறப்பவர் என்ன கேட்கிறார் என்பதுதான் முக்கியம்.