பரோட்டாக் கடையில் கரைந்த பாறை

எவ்வளவு பெரிய வேலை பார்ப்பவராக இருந்தாலும், அதைப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து விளக்கக் கூடாது. நான் விளக்கினேன். என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வந்து ஒட்டிக்கொள்ள வருடக்கணக்கில் தாமதமானது அதனால்தான்.

என் ஆராய்ச்சி களிமண் பாறையில். அதன் நுண்ணிய துளைகளுக்குள் நீர் அடைபட்டிருக்கும். அந்த நீரின் அழுத்தம் தெரிந்தால்தான், ஆபத்தான கழிவை அதற்குள் புதைத்தால் கசியுமா என்று சொல்ல முடியும். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு பாறைத் துண்டு வாங்கியிருந்தேன். காற்றுப் பட்டால் உள்நீர் காய்ந்துவிடும் என்று அலுமினியத் தாள் சுற்றி, மெழுகு பூசி, பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார். (எங்கள் வீட்டில் கைக்குழந்தையைக்கூட அவ்வளவு பத்திரமாகச் சுற்றியதில்லை.)

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அதை வாங்கிக்கொண்டு, அக்கா வீட்டுக்காரர் முருகேசன் அத்தானின் காரில் தென்காசிக்குத் திரும்பினோம். கேரள எல்லை தாண்டியதும் புளியறையில் பசித்தது; ஒரு பரோட்டாக் கடையில் நிறுத்தினோம். குற்றாலச் சீசன் கூட்டம். காரில் வைத்தால் எவனாவது தூக்கிவிடுவான் என்று பெட்டியைக் கடைக்குள் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன்.

"பெட்டிக்குள்ள என்ன தம்பி?" என்றார் கடைக்காரர்.

கல் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "கழிவைப் பூமிக்கடியில புதைக்கதுக்கு ஆராய்ச்சி அண்ணாச்சி. கேரளாவுலேருந்து கொண்டு வாரோம்" என்றேன், பெருமையாக.

கேரளக் குப்பை லாரிகளில் வந்து இறங்குகிறதென்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். கொத்துப் பரோட்டாச் சத்தம் நின்றது. நாலைந்து பேர் எழுந்து வாசலை மறித்தார்கள்.

"எங்க ஊர்ல எடம் பாக்க வந்திருக்கியளோ? தொறந்து காட்டும்."

நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தொறந்தா எம் படிப்பே போயிரும்" என்றேன். (அதைவிடச் சந்தேகம் வரவழைக்கும் பதில் இருக்க முடியாது.)

"அடி வாங்கிச் சாவதுக்கா வந்தோம்? விடுலே" என்று அத்தான் பெட்டியைப் பிடுங்கி, பரோட்டா கொத்தும் தகட்டாலேயே மெழுகைச் சுரண்டி, தாளைக் கிழித்து, கல்லை என் வாழையிலையில் வைத்துக் காட்டினார். எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள்.

"மண்ணுதானா" என்றார் கடைக்காரர். காய்ந்துவிடும், காய்ந்துவிடும் என்று நான் அழுததைப் பார்த்து அவருக்கு மனசு இளகிவிட்டது. "காயாது தம்பி, அழாதிய" என்று ஒரு செம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார்.

எத்தனையோ யுகமாய்ப் பூமிக்கடியில் கிடந்த பாறை, வாழையிலையில் உதிர்ந்து சேறானது. என் வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தேன். அத்தான் என் பரோட்டாவையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

பிறகு வேறு துண்டு கிடைத்து, பட்டமும் வாங்கிவிட்டேன். ஆனால் இன்றும் நான் சாப்பிட உட்கார்ந்தால், அக்கா குழம்புச் சட்டியின் மூடியில் கை வைத்தபடி கேட்கிறாள்: "ஏலே, தொறக்கட்டுமா? ஒம் படிப்பு போயிராதுல்லா?"

பக்கத்தில் அத்தான், செம்புத் தண்ணீரோடு தயாராக நிற்பார்.