நாள்காட்டி அம்மாவும் மூன்று கைக்குட்டைகளும்

தடால்!

சட்டைத் தொழிற்சாலையில் ஏழாவது மெஷின் தையல்காரி நாற்காலியோடு சாய்ந்தாள். தண்ணீர் தெளித்தார்கள். கண் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "என் இடுப்புக் கயிறு அவுந்துடலையே?"

உயிர் போனாலும் போகலாம், கயிறு போகக் கூடாது. நாள்காட்டி அம்மாவின் உத்தரவு!

யார் அந்த அம்மா? ஜெராக்ஸ் கடை மாடியில் வாடகைக்கு இருக்கும் மகாசக்தி. மாடிப்படி முழுக்கப் பெண்களின் செருப்பு. நாற்பத்தைந்து தாண்டியவளுக்கு மாதவிலக்கு முன்னே பின்னே போகிறதா? "எவளோ மந்திரம் வச்சு உன் நாளைக் கட்டிட்டா" என்பாள். முகம் துடைத்த கைக்குட்டையை முகர்ந்தே கட்டியவளைச் சொல்லிவிடுவாள். அப்புறம் கறுப்புக் கயிறு. கயிறு கட்டியபின் விலக்கு வந்தால், கட்டு அவிழ்ந்தது. வராவிட்டால், கட்டு அடங்கியது. தோற்கவே முடியாத ஆட்டம்! டாக்டரிடம் போனால் மட்டும் சக்தி கோபித்துக்கொள்ளுமாம். பின்னே, தொழில் போட்டி இல்லையா?

தையல்காரிக்கு நாற்பத்தெட்டு வயது. நான்கு மாதம் எட்டிப் பார்க்காதது, பதினாறு நாளாக நிற்காமல் கொட்டுகிறது. கட்டியவள் தம்பி பொண்டாட்டிதான் என்று அம்மா முகர்ந்து சொல்லிவிட்டாள். இப்போது தண்ணீர் தெளித்தவளே அந்தத் தம்பி பொண்டாட்டிதான். அதே தொழிற்சாலையில் செக்கிங் வேலை.

"அண்ணி, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. நிக்கப்போற வயசுல தாறுமாறா வர்றது சகஜம். ஆனா இத்தனை நாள் கொட்டுறது சகஜமில்லை. டாக்டர்கிட்ட வாங்க."

"கட்டினவளே கூப்பிடுறியாக்கும்! அம்மா சொல்லட்டும், வர்றேன்."

"சரி, அம்மாவையே கேட்டுடுவோம்."

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி துணியைப் பார்க்காமலே முத்திரை குத்துகிறாள் என்று சந்தேகம் வந்தால், அவள் பார்த்து முடித்த சட்டையையே வேறு அடுக்கில் செருகி மறுபடி அனுப்புவார்கள். ஒரே சட்டைக்கு இரண்டு தீர்ப்பு வந்தால் குட்டு உடைந்தது.

சாப்பாட்டு இடைவேளை. தையல்காரியைக் கைத்தாங்கலாக மாடியேற்றினார்கள். மூன்று பெண்கள் மூன்று கைக்குட்டைகளை நீட்டினார்கள்.

முதலாவதை முகர்ந்தாள் அம்மா. "மாமியார் வேலை. மூணு மாசமா வரலை, சரியா?"

இரண்டாவது. "ஐயோ, பக்கத்து வீட்டுக்காரி! மாசம் ரெண்டு தடவை வருதே!"

மூன்றாவதற்குக் கண்ணையே மூடிக்கொண்டாள். "ஓரகத்தி போட்ட கட்டு. கர்ப்பப்பை கல்லா இறுகிக் கிடக்கு. கயிறு கட்டு, பதினோரு நாள்ல வந்துடும்."

"மூணும் ஒரே ஆள் முகம் துடைச்சதும்மா," என்றாள் செக்கிங்காரி. "ஆளும் வாசல்லதான் நிக்குது."

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் மெஷின் மெக்கானிக். அரையடி மீசை. "பதினோரு நாள்ல வந்துடுமாம்மா? முன்கூட்டியே லீவு சொல்லணும்."

மாடியே குலுங்கியது. அம்மா சுதாரித்தாள். "ஆம்பளைத் துணியைக் குடுத்து என் சக்தியைத் தீட்டாக்கிட்டீங்களே!"

அதற்கும் ஒருத்தி கைகூப்பினாள்: "தீட்டு எப்பம்மா கழியும்?"

மெக்கானிக்குக்குக் கர்ப்பப்பை முளைத்த பிறகும் திறக்காத கண்ணை எந்த டாக்டர் திறப்பார்? அதை அவரவர்தான் திறந்துகொள்ள வேண்டும்.

தையல்காரி இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனாள். கயிற்றை அறுத்து அம்மாவின் மடியில் போட்டாள். தம்பி பொண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நடடி, டாக்டர்கிட்டப் போகலாம்."

கர்ப்பப்பையில் சின்னக் கட்டி. உடம்பில் ரத்தம் பாதிதான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் கயிற்றை நம்பியிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டாள் என்று டாக்டரம்மா திட்டித் தீர்த்து, மருந்து கொடுத்தார்.

அடுத்த வாரம் மறுபரிசோதனைக்குப் போனபோது, காத்திருக்கும் பெஞ்சில் முக்காடு போட்ட ஒருத்தி, மடியில் ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருந்தாள். சாட்சாத் நாள்காட்டி அம்மா!

தையல்காரி பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். "உங்க நாளை எவ கட்டினா அம்மா?"

அம்மா சுற்றுமுற்றும் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "எவ கட்டுவா? வயசானா எல்லாருக்கும் இப்படித்தாண்டி!"