மேட்டில் மூச்சிரைக்கும் வெளிச்சம்

"மிஸ்டர் குணரத்தினம், கொழுந்து எங்கே?"

தொலைபேசியில் தோட்ட மேலாளரான தொரையின் குரல். குணரத்தினம் கணினித் திரையை இன்னொரு முறை பார்த்தார். தொழிற்சாலையில் நிறுக்கும் தேயிலைக் கொழுந்தின் எடை, நிறுத்த மறுகணமே தோட்ட அலுவலகமான இந்தக் கந்தோரின் திரையில் வந்து நிற்க வேண்டும். காலையிலிருந்து சைபர்தான் நின்றுகொண்டிருந்தது. வெளியே மலை நிறையப் பெண்கள் கூடை கூடையாகப் பறித்துக் கொட்ட, திரையின்படி அந்தத் தோட்டத்தில் ஒரு இலைகூட முளைக்கவில்லை.

"வந்துகொண்டிருக்கு சேர். வழியில நிக்குது."

"வழியில நிக்க அது என்ன, ராகலை பஸ்ஸா?"

முன்பெல்லாம் ஒரு ஆள் துண்டுச் சீட்டோடு தொழிற்சாலையிலிருந்து கந்தோருக்கு நடந்து வருவான். அவனும் வழியில் நிற்பதுண்டு. ஆனால் கள்ளுத் தவறணையில்தான் நிற்பான். போய்க் கூட்டி வந்துவிடலாம். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் அவனை நிறுத்திவிட்டு, தலைமயிர்த் தடிமனுள்ள கண்ணாடி இழைக்குள் வெளிச்சத்தை ஓடவிட்டுச் செய்தி அனுப்பும் கேபிளைப் போட்டவர் குணரத்தினம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அறைக்கதவில் 'சிஸ்டம் எக்சிகியூட்டிவ்' என்று பித்தளையில் பெயர்ப்பலகை. கம்பனி கொடுத்ததல்ல; அவரே செய்வித்தது.

வருடக் கடைசியில் கொழும்பிலிருந்து டிரெக்டர் வருகிறார். அன்றைக்கு இணைப்பு ஒழுங்காக வேலை செய்தால், கம்பனியின் எல்லாத் தோட்டங்களுக்கும் குணரத்தினம்தான் தலைமை அதிகாரி; கொழும்பில் குளிரூட்டிய அறை. வேலை செய்யாவிட்டால் உடப்புசல்லாவைத் தோட்ட ஸ்டோரில் உர மூட்டை எண்ணும் பழைய மேசை. அந்த மேசை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று தொரை அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

சிக்கல் தூரத்தில்தான் இருந்தது. வாங்கிய இழையில் வெளிச்சம் இரண்டு கிலோமீற்றர் வரைதான் நம்பிக்கையாக ஓடும். கேபிள் கிடந்த கான், அதாவது பாதையோர வடிகால், தோட்டப் பாதையோடு வளைந்து வளைந்து மூன்றரைக்கு மேல் போயிற்று. அதனால் நடுவழியில் ஒரு பெட்டி வைக்க வேண்டும். களைத்து வரும் வெளிச்சத்தை வாங்கிப் புது வெளிச்சமாக அனுப்பிவிடும் பெட்டி. பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். நடுவழியில் இருந்தது தொழிலாளர் குடியிருக்கும் வீட்டு வரிசை, மூன்றாம் நம்பர் லயம். வெள்ளைக்காரன் கட்டிய நாளிலிருந்து அங்கே மண்ணெண்ணெய் விளக்குத்தான்.

ஆட்கள் காலங்காலமாகக் கேட்டும் நடப்படாத மின்கம்பங்கள், பெட்டி கேட்டதும் கிடுகிடுவென்று நடப்பட்டன. அங்கே குடியிருந்த பேச்சியம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவில், சாமிப் படத்துக்குப் பக்கத்துப் பலகையில் பெட்டி குந்தியது. ஒரு காம்பராவுக்குள் வந்த கரண்டை அடுத்த காம்பராவுக்குப் போகாமல் தடுக்க யாரால் முடியும்? பத்து நாளில் லயம் முழுக்கப் பல்ப் எரிந்தது. தொரை பார்த்தும் பார்க்காதவர்போல் ஜீப்பில் போனார். இணைப்பும் ஒழுங்காக ஓடியது.

இன்றுவரை.

குணரத்தினம் தன் கருவியைக் கேபிள் முனையில் மாட்டினார். வெளிச்சம் எந்த இடத்தில் களைத்துப்போகிறது என்று காட்டும் கருவி. ஐந்தாம் நம்பர் லயத்துக்குப் பக்கத்தில் என்றது. ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தார்.

ஐந்தாம் நம்பர் லயத்தின் முன் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, பிளேன்டீயும் வைத்திருந்தார்கள்.

"வாங்கய்யா, வாங்க" என்றாள் அந்த லயத்து லெட்சுமி.

"நான் வாறது எப்பிடித் தெரியும்?"

"உங்களாட்டம் படிச்சவங்க என்னைக்காச்சும் எங்க லயத்துக்கும் வராமலா போயிருவீங்க? தேத்தண்ணி ஆறுதுங்கய்யா."

குணரத்தினத்துக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

"கான்ல எறங்கி ஒயரப் பாக்குறீங்களாய்யா? அட்டைதான் கொஞ்சம் கெடக்கு. நேத்து எங்க வீட்டுக்காரருக்குத் தொடை வரைக்கும் ஏறிருச்சு."

அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். சப்பாத்து அவரைப் பார்த்தது.

"தேவையில்லை. கருவி சொல்லிப்போட்டுது. வெளிச்சம் இந்த இடத்தில களைக்குது. இஞ்ச இன்னொரு பெட்டி வைக்கவேணும்."

"அப்ப கரண்டு இழுக்கணுமேங்கய்யா?" என்றாள் லெட்சுமி, மிகவும் கவலைப்பட்டவளாக.

"இழுக்கத்தான் வேணும். வேற வழியில்லை."

ஆண்கள் கானில் இறங்கிக் கேபிளை வெட்டி, இரண்டு முனைகளையும் துடைத்து இஸ்தோப்புக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் வெள்ளைத் துணிமேல் வைத்துப் புதுப் பெட்டியோடு ஒட்டினார். கம்பம் வந்தது. கரண்ட் வந்தது. கொழுந்தும் வந்தது.

அன்று சாப்பிடும்போது மனைவி பூரணம் கேட்டாள். "இஞ்சருங்கோ, அந்தக் கானுக்குள்ள ஒருக்கா இறங்கிப் பாத்தனீங்களோ?"

"நான் சிஸ்டம் எக்சிகியூட்டிவ். கான் வெட்டுற ஆளில்லை."

"வெட்டச் சொல்லேல்லை. பாக்கச் சொன்னனான்."

"உனக்கு இது விளங்காது."

"விளங்காமல்தானே கேக்கிறன். ரண்டு கிலோமீற்றர் ஓடுற சாமான் அரைவாசி வழியில என்னத்துக்குக் களைக்குது?"

அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இருந்தால் நிற்கத் தோன்றியது. நின்றால் நடக்கத் தோன்றியது. கந்தோரிலிருந்து குவாட்டர்ஸுக்கு ஏறும் படிக்கட்டில் மறுநாள் பாதியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோதுதான் விடை பளிச்சிட்டது. சமதரையில் காததூரம் நடக்கும் தனக்கே இந்த மேட்டில் இளைக்கிறது. வெளிச்சம் மட்டும் இளைக்காதா? இரண்டு கிலோமீற்றர் என்று எழுதியவன் சமதரை நாட்டுக்காரன். அவனுக்கு நுவரெலியாவைப் பற்றி என்ன தெரியும்?

அந்த இடத்திலேயே அதற்கு 'மலைநாட்டு ஒளிச்சோர்வு விதி' என்று பெயர் வைத்தார். மூச்சு அதற்குப் பிறகுதான் சீரானது.

அடுத்த கிழமை இணைப்பு மறுபடி நின்றது. கருவி ஏழாம் நம்பர் லயத்தைக் காட்டியது. செங்குத்தான மேடு! விதி நிரூபணமாகிவிட்டது. ஏழாம் நம்பரிலும் மேசை, வெள்ளைத் துணி, கூடவே தின்ன இரண்டு பணிஸ். பக்கத்தில் ஒரு வான் நின்றது. ராகலையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் பைஸர், டீவிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பைஸர், இஞ்ச கரண்டே இல்லை. ரீவியை ஆருக்கு விக்கிறீர்?"

"வரும் சேர். அல்லாஹ் நாடினா வரும். அதுக்குப் பொறகு நீங்க நாடணும்."

குணரத்தினம் நாடினார். மூன்றாவது பெட்டி வந்தது.

இப்போது புதுத் தொல்லை. மாலையில் நாடகம் தொடங்கியதும் மூன்று லயத்திலும் டீவிகள் ஒன்றாக விழிக்கும். கரண்ட் மெலியும். மூன்று பெட்டிகளும் மயங்கி விழும். நாடகத்தில் மாமியார் அழுது முடியும்வரை கொழுந்து வராது.

"நாடகத்த நிறுத்தச் சொல்லட்டா?" என்றார் தொரை.

"சொன்னால் ஸ்ட்ரைக் வரும் சேர்."

"அப்ப என்ன செய்யப் போறது?"

குணரத்தினம் தொழிற்சாலையின் பெரிய கம்பியிலிருந்தே லயங்களுக்குக் கரண்ட் இழுப்பித்தார். பெட்டிகள் மயங்கவில்லை. பதிலுக்குத் தொழிற்சாலையின் ரோலர்கள் மயங்கின. அரைபட வேண்டிய இலை அரைபடாமல் கிடந்து புளித்தது. தொரை ஒரு கைப்பிடித் தூளைக் கொண்டுவந்து குணரத்தினத்தின் மேசையில் கொட்டினார்.

"மணந்து பாருங்க."

மணந்தார்.

"இதுக்குப் பேர் தேயிலையா?"

"கனெக்‌ஷன் நல்லா இருக்கு சேர்."

"உடப்புசல்லாவை மேசைய நேத்துத்தான் தூசி தட்டினாங்களாம், மிஸ்டர் குணரத்தினம்."

அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டைக்கூட நின்றபடிதான் சாப்பிட்டார். நகத்தைக் கடித்தார், நகம் தீர்ந்ததும் பேனாமூடியைக் கடித்தார். கடைசியில் ஒளிச்சோர்வு விதியைப் படம் போட்டு விளக்கி, லயங்களுக்கென்றே தனி டிரான்ஸ்போமர் இல்லாவிட்டால் மலைநாட்டில் வெளிச்சம் இறந்துவிடும் என்று கொழும்புக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். கொழும்பில் யாருக்கும் அது விளங்கவில்லை. விளங்காததாலேயே உடனே அனுமதித்தார்கள்.

டிரான்ஸ்போமர் வந்தது. ரோலர் ஓடியது, நாடகம் ஓடியது, கொழுந்து ஓடியது. கேபிள் போன வழியிலிருந்த லயமெல்லாம் ஜெகஜோதி. ஆச்சரியம், அதற்குப் பிறகு வெளிச்சம் ஒரு தடவைகூடக் களைக்கவில்லை. தன் கைராசி என்று பூரணத்திடம் சொன்னார். அவள் சோறு போட்டாள்.

டிரெக்டர் வந்தார். தொழிற்சாலையில் தராசில் கொழுந்தை வைத்ததும் கந்தோரில் எண் எழுந்து நிற்பதைத் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்துக் கைதட்டினார். தேயிலை மணக்கும் பெரிய அறையில் கதிரைகள் போட்டிருந்தன. குணரத்தினம் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசினார்.

"வெளிச்சத்துக்கும் உடம்பு இருக்கு. அதுக்கும் மேட்டில இளைக்கும். இதை மேல்நாட்டு விஞ்ஞானிகள் இன்னும் கண்டுபிடிக்கேல்லை. ஏனெண்டால் அவையள் ஒருத்தரும் இந்த மலையில கேபிள் போட்டுப் பாக்கேல்லை."

"அமேசிங்" என்றார் டிரெக்டர். "வெளிச்சம் எந்த இடத்தில களைக்கும் எண்டு முன்கூட்டியே சொல்ல ஏலுமா?"

"இப்ப எனக்குப் பாத்த உடனேயே தெரியும் சேர்."

டிரெக்டர் எழுந்து அவர் கையைக் குலுக்கினார். அடுத்த மாதமே கொழும்புக்கு வந்துவிட வேண்டும் என்றார். சிங்கப்பூரில் ஒரு மாநாட்டில் இந்த விதியைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். தொரை மனமில்லாமல் கைதட்டினார். குணரத்தினத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக உட்காரத் தோன்றியது. கதிரையைத் தேடித் திரும்பினார்.

தேத்தண்ணித் தட்டோடு நின்றவள் வேலாயி. கேபிள் போன வழிக்கு எட்டாமல், உச்சியில் தனியாக, இன்னும் மண்ணெண்ணெய் விளக்கில் கிடக்கும் மேட்டு லயத்துக்காரி. பெரிய மனிதரிடம் பேசும் கூச்சத்தில், தேவைக்கு மேல் சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

"ஐயா, கொழும்புக்குப் போறதுக்கு முந்தி எங்க லயத்துப் பக்கமும் அந்த ஒயரக் கொஞ்சம் கொண்டாந்து போட்டுருங்கய்யா. கல்லுக்கடியில வச்சு மடிச்சா வெளிச்சம் நின்னுரும்னு அஞ்சாம் நம்பர்ல சொல்லிக் குடுத்துட்டாங்க, மடிக்கிறத நாங்களே பாத்துக்கிறோம்."