உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க

நான் தையல்காரன். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவு எனக்கு மனப்பாடம். என் இடுப்பை அளக்க மட்டும் ஒரு டேப்பு போதவில்லை. போன வருஷம் முழங்காலும் கையை விரித்துவிட்டது. "இரைப்பையைச் சுருக்கித் தைச்சுக்கறதுதான் வழி" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

சர்ஜன் அம்மா படம் போட்டுக் காட்டினார். "மேல முட்டையளவுக்கு ஒரு சின்னப் பை. அதைச் சிறுகுடல்ல கொஞ்சம் தள்ளி இணைச்சிடுவோம். நடுவுல தாண்டிவிடற குடல் நீளமா இருந்தா எடை நல்லா இறங்கும். ஆனா இரும்புச்சத்து, வைட்டமின் சரியா ஒட்டாது. குட்டையா தாண்டினா சத்து ஓரளவு நிக்கும், எடை மெதுவா இறங்கும்."

"பின்னால பிரிச்சு விடற மாதிரி, பையில உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்களேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பரவாயில்லை. 'மெதுவா' என்ற வார்த்தையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தேன். மெதுவாக இறங்கினால் மெதுவாகச் சாப்பிடலாம். என் கணக்கு அதுதான்.

தபால் ஆபீசில் வேலை முடிந்து மனைவி வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"நீளமா தாண்டினா சத்தெல்லாம் போயிடுமாம். முடி கொட்டுமாம். கையில தெம்பில்லாம ஊசியில நூல் எப்படிக் கோக்கறது?"

"அப்ப குட்டையாவே செய்யச் சொல்லிடலாங்க."

கல்யாணமான நாளாக அவள் என் பேச்சை மறுபேச்சில்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் அவள் லீவு போட்டுவிட்டு சர்ஜனைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்தாள். ஆபரேஷன் குட்டையாகவே முடிந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், தட்டில் இருந்த பன்னை நோக்கிக் கை நீட்டினேன். கையில் நாலு மாத்திரை விழுந்தது.

"சத்து நிக்கும்னுதானே குட்டையா தைச்சாங்க? இது எதுக்கு?"

"எப்படித் தைச்சாலும் மாத்திரை ஆயுசுக்கும் உண்டாம். நீங்கதான் பாதிப் பேச்சுல எழுந்து வந்துட்டீங்களாமே."

"சரி, மெதுவா இறங்கினா போதும்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. பன்னை இப்படித் தள்ளு."

"போதும்னு எங்க சொன்னாங்க? உங்க எடைக்கு நீளமா தாண்டறதுதான் சரின்னாங்க. நான்தான் அவங்ககிட்ட, 'நீங்க சத்து போகாம தைங்க, எடை இறங்கறதை வீட்டுல நான் பாத்துக்கறேன்'னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். எழுந்திருங்க, மாடிப்படி பதினஞ்சு தடவை பாக்கி இருக்கு."

நான் ஏழாவது தடவை இறங்கி வந்தபோது, அவள் பன்னைத் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.